சான்றுடன் விளக்குக

அமலோற்பவம் பள்ளிக்கூட நூலகத்தைப் பூட்டி, சாவியை ஆபீஸில் கொடுத்து, அரைநாள் லீவு எழுதிவைத்துவிட்டு, பொன்மலைப்பட்டி கடைவீதியில் நஸ்ரின் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு வந்து உட்கார்ந்தபோது மணி ஒன்றே முக்கால். ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஐந்துக்கு மேல் ஒரு நிமிஷம் போனாலும் இணையதளம் தானாக மூடிக்கொள்ளும் என்று அரசுக் கலைக் குழுமத்தின் அறிவிப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்றேகால் மணி நேரம் இருக்கிறது, தாராளம், ஒரு வாரமாகப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பதினான்கு பக்கத்தில் பத்துப் பக்கம் முடித்தாயிற்று, மிச்சம் நாலுதான் என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். ஆனால் கால் கேட்கவில்லை. மேஜைக்கடியில் வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஐம்பத்தோரு வயதில் கால் ஆட்டுகிறவளைப் பார்த்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நிறுத்தினாள். கரண்ட் போய்விட்டால்? யுபிஎஸ் இருக்கிறது என்று நஸ்ரின் சொன்னாள். நெட் போய்விட்டால்? கடைசி நாளில் எல்லா ஊர்க் குழுக்களும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து இணையதளம் படுத்துக்கொண்டால்? நேற்றே அனுப்பியிருக்கலாம். முந்தாநாளே அனுப்பியிருக்கலாம். ஏன் அனுப்பவில்லை என்று அவளுக்குத் தெரியும், பதினோராம் பக்கம்தான் காரணம், ஒவ்வொரு நாளும் பத்தாம் பக்கம் வரைக்கும் வந்து, சேமி என்பதை அழுத்திவிட்டு, மணியடித்துவிட்டது என்று எழுந்து போய்விட்டாள். இன்றைக்கு எழுந்து போக மணி கிடையாது.

வெட்டவெளி நாடகக் குழு. பதிவு செய்து பன்னிரண்டு வருஷம். உறுப்பினர்கள் ஏழு பேர். தலைவர் இருதயராஜ், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நாடகம் எழுதுவதும் நடத்துவதும் அவர்தான். செயலாளர் அமலோற்பவம், நடிக்கத் தெரியாது, ஒத்திகையில் நோட்டுப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்து யார் என்ன பேசினாலும் எழுதிவைப்பாள், பேனர் கட்டுவாள், போலீஸ் அனுமதிக்கு அலைவாள், டீ போடுவாள். இதெல்லாம் முதல் மூன்று பக்கத்தில் வந்துவிட்டது, டீ தவிர. ‘நின்னபடி’ என்ற நாடகத்தைப் பத்து ஊர்க் கடைத்தெருக்களுக்குக் கொண்டுபோகத்தான் இந்த நிதி. ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் உட்காராமல் நிற்கிற பெண்களைப் பற்றிய நாடகம். போன மாதம் இருதயராஜ் எல்லாரையும் கூப்பிட்டு, ஒத்திகை பார்க்கிற ஹாலையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், இந்தத் தடவை இது கிடைக்கவில்லையென்றால் கலைத்துவிடலாம், ஒருத்தரையொருத்தர் ஏமாற்றிக்கொள்ள வேண்டாம் என்று சாதாரணமாகத்தான் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அமலோற்பவத்துக்குச் சனிக்கிழமை சாயங்காலங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. வரிசையாக, காலியாக. தம்பி வீட்டு மாடியறையில் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன செய்வது? கீழே சீரியல் ஓடும். துணி மடிக்கலாம். மடித்த துணியையே மறுபடி மடிக்கலாம். சர்வீஸ் இன்னும் ஏழு வருஷம், அதற்கப்புறம் வாரத்தின் எல்லா நாளும் சனிக்கிழமையாகிவிடும். இந்த ஏழு பேர் இல்லையென்றால் அவள் யார், பள்ளிக்கூட லைப்ரரி கிளார்க், அவ்வளவுதானே. அந்த ‘அவ்வளவுதான்’ கிட்டத்தில் போகப் பயந்துதான் அவள் இந்தப் பதினான்கு பக்கத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

பதினோராம் பக்கம் திறந்தது. ‘உங்கள் கலைச் செயல்பாட்டால் சமூகத்தில் ஏற்பட்ட தாக்கம் என்ன? சான்றுடன் விளக்குக. (200 சொற்களுக்குள்)’ அதற்குக் கீழே, ‘பத்திரிகைச் செய்திகள், புகைப்படங்களை இணைக்கவும்.’ அதற்கும் கீழே பொடி எழுத்தில், இந்தப் பகுதிக்கு நூற்றுக்கு நாற்பது மதிப்பெண். தாக்கம். என்ன தாக்கம்? யாரை யார் தாக்கியது? மழை தாக்கும், நோய் தாக்கும், மின்னல் தாக்கும். நாடகம் தாக்குமா? நாடகம் பார்த்தவர்கள் கை தட்டினார்கள், ரெண்டு மூன்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், ஒரு பெரியவர் மைக்கைப் பிடுங்கி எங்க காலத்துல என்று ஆரம்பித்துக் கால்மணி நேரம் பேசினார், அப்புறம் எல்லாரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். ஒரு கடையில் நம்ம நாடகத்துக்கப்புறம் ஸ்டூல் போட்டார்களாம், அதை எழுது என்றார் இருதயராஜ். எந்தக் கடை என்று கேட்டால் அவருக்கே தெரியாது, யாரோ சொன்னது. சான்று? ஸ்டூலைப் போட்டோ எடுத்து இணைப்பதா? ஸ்டூல் போட்டார்களே தவிர யாராவது உட்கார்ந்தார்களா? அவள் டைப் அடித்தாள், ‘பெண் தொழிலாளர்களிடையே விழிப்புணர்வை’, அழித்தாள். ‘உழைக்கும் மகளிரின் உரிமைக்குரலாக’, அழித்தாள். தாக்கம் ஒன்றே ஒன்று நடந்தது. தேதி சொல்லலாம், சான்று காட்டலாம், படத்தோடு வந்த பேப்பர் கட்டிங், பைக்குள் பிளாஸ்டிக் உறையில் மடியாமல் வைத்திருக்கிறாள். வசுமதிக்கு வேலை போனது.

வசுமதி. சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தவள். அமலோற்பவம் ஒரு கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுக்கப் போய், அந்தப் பெண் சேலையை உதறி விரித்த விதத்தில், விரித்துவிட்டு ஒரு கணம் அதை யாரோ எதிரி மாதிரி முறைத்துப் பார்த்த விதத்தில் மனசு போய், நாடகத்துல நடிக்கிறியாம்மா என்று கேட்டுக் கூட்டிவந்தவள். இருபத்தேழு வயது அப்போது. வந்த முதல் நாளே சொல்லிவிட்டாள், கடையில தெரியக் கூடாதுக்கா, முகத்துல கறுப்பு அப்பிக்கிறேன். அப்பிக்கொண்டுதான் நடித்தாள். ஒத்திகையில் ஒரு சாயங்காலம் இருதயராஜ், கடைசிக் காட்சிக்கு என்ன பேசுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார், ஏம்மா, வேலை முடிஞ்சு போறப்ப உனக்கு எப்படி இருக்கும் என்று சும்மாதான் கேட்டார், அவள் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே சொன்னாள், ஆறு மணிக்கு மேல இந்தக் கால் என்னோடது இல்லண்ணே, கடையோடது, வீடு வரைக்கும் நடக்க இரவல் வாங்கிட்டுப் போறேன், காலைல கொண்டாந்து குடுத்துருவேன். அப்புறம் நிறுத்தாமல் இன்னும் என்னென்னவோ சொன்னாள். மூலையில் உட்கார்ந்து அமலோற்பவம் ஒரு சொல் விடாமல் எழுதினாள். கை வலித்தது. அதுதான் நாடகத்தின் கடைசிப் பேச்சு. மேடையேறிய அன்றைக்கு அந்தப் பேச்சின் நடுவில், யாரும் சொல்லித்தராமல், முந்தானையை எடுத்து முகத்துக் கறுப்பைத் துடைத்தாள் வசுமதி. பாதி முகம் கறுப்பு, பாதி முகம் அவள். அந்தக் கணத்தில் அமலோற்பவத்தின் செல்போனில் விழுந்த படம்தான் அந்தக் கட்டிங்கில் இருப்பது. கூட்டத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டதே, அது கூடப் படத்தில் இருக்கிற மாதிரி இருக்கும்.

மறுநாள், நாடகம் பார்க்க வந்திருந்த ஒரு பத்திரிகை நிருபர் போன் பண்ணினார், நல்ல தமிழ், மரியாதையாகப் பேசினார், ஒரு படம் வாட்ஸப்பில் அனுப்புங்க, முகம் தெளிவா இருக்கட்டும் என்றார். அவளிடம் பதினோரு படம் இருந்தது. கூட்டத்தின் படம் இருந்தது, இருதயராஜ் மேளத்தோடு நிற்கிற படம் இருந்தது, பேனர் இருந்தது. விரல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய் அந்தப் படத்தில் நின்றது. தெரியாமல் அனுப்பவில்லை. அதைத்தான் அவள் ரெண்டு வருஷமாகச் சுற்றிச் சுற்றி வந்து, தெரியாமல் என்ற சொல்லை அந்த இடத்தில் வைக்கப் பார்க்கிறாள், அது நிற்கமாட்டேன் என்கிறது. தெரியும். கடையில தெரியக் கூடாதுக்கா என்று சொன்னது காதில் கேட்டது, நன்றாகக் கேட்டது, கேட்டுக்கொண்டேதான் அனுப்பினாள். ஒரு நாள்தானே, அந்தப் பேப்பரை அந்தக் கடையில் யார் வாங்கப்போகிறார்கள் என்று ஒரு குரல். பத்து வருஷத்தில் ஒரு தடவையாவது நம்ம குழு பேர் பேப்பரில் வரட்டுமே என்று இன்னொரு குரல், அதுதான் பெரிய குரல். வந்தது. அரைப் பக்கம். காலை ஆறு மணிக்குப் பேப்பரை விரித்தபோது அவளுக்கு வந்த சந்தோஷத்தை அவள் மறைக்க முடியாது, தம்பி பெண்டாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினாள், நாலு பிரதி வாங்கினாள். பதினோரு மணிக்கு வசுமதியைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் ஹாலுக்கு வந்தாள். அழவில்லை. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து இருதயராஜ் முன்னால் நின்று, யாருண்ணே போட்டோ குடுத்தது என்று கேட்டாள். அமலோற்பவம் மூலைக் குழாயில் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பியிருக்கலாம். நாலடி தூரம். நான்தான் என்றால் ஒரே சொல். கழுவின கிளாஸையே கழுவினாள். முதுகுக்குப் பின்னால் இருதயராஜ், என் தப்புதாம்மா என்றார். வசுமதி, என் மூஞ்சி இனிமே எங்கயும் வரக் கூடாதுண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் வரவில்லை. இப்போது பெரிய கடைவீதிப் பக்கம் வேறொரு கடையில் நிற்கிறாள் என்று கேள்வி. நிற்கிறாள்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? தலைவர் என்பதால் பொதுவாகச் சொன்னாரா? அவரிடம் அப்போது இருந்தது பட்டன் போன், அதில் போட்டோவும் வராது வாட்ஸப்பும் வராது, ஆக அவர் கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும், அப்படியானால் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் ரெண்டு வருஷமாக அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால் அது பெருந்தன்மையா தண்டனையா? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை எப்போதும் முட்டிக்கொண்டு நிற்கும். இப்போதும் நின்றது. போன் அடித்தது. அவரேதான். எந்த வரைக்கும் வந்திருக்கே அமலா என்றார். பதினொண்ணுண்ணே என்றாள். பேப்பர் கட்டிங்க ஏத்திட்டியா, நாப்பது மார்க்கு அதுல இருக்கு, போன தடவ அது இல்லாமத்தான் போச்சு என்றார். அவள், அந்தப் பொண்ணு… என்று இழுத்தாள். அவர், கமிட்டில நாலு பேரு பாக்கப்போறாங்க, பேப்பர்லயா போடப்போறாங்க என்றார், கடைசியில ஓடிபி என் நம்பருக்குத்தான் வரும், போனைக் கையிலயே வச்சிருக்கேன் என்று வைத்துவிட்டார். நாலு பேர்தான். பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அவர் சொல்வது நியாயம் மாதிரியும் இருந்தது. நாலு பேர் பார்த்தால் என்ன, நாலாயிரம் பேர் பார்த்ததை நாலு பேர் பார்த்தால் என்ன. மணி மூன்று பத்து. முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது, மேலே ஃபேன் காற்றை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது.

கட்டிங்கை ஸ்கேன் பண்ணக் கொடுத்தாள். நஸ்ரின் சுறுசுறுப்பான பெண், ஆதார் பிரிண்டுக்கு ஒருவர், ரேஷன் கார்டு திருத்தத்துக்கு ஒருவர் என்று நாலு பேரை ஒரே நேரத்தில் சமாளிப்பாள், பள்ளிக்கூடத்திலிருந்து வருவதால் இவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள், டீச்சர் இல்லை என்று திருத்த இவளுக்கும் மனம் வந்ததில்லை. ஃபைல் சைஸ் ஜாஸ்தியா இருக்கு டீச்சர், குறைக்கிறேன் என்று திரையில் படத்தைப் பெரிதாக்கியவள் நிறுத்திவிட்டாள். யாரு டீச்சர் இந்தப் பொண்ணு, இப்படிப் பாக்குது என்றாள். எங்க குழுவுல இருந்தாங்க என்றாள் அமலோற்பவம். இருந்தாங்க. செத்துப்போனவளைச் சொல்வது போல வாயில் வந்து விழுந்தது. அவங்க மொகம் வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க என்று, ஏன் சொல்கிறோம் என்று தெரியாமலே, சேர்த்துச் சொன்னாள். அதுக்கென்ன, மொகத்த மட்டும் மங்கலாக்கிடலாமே என்று நஸ்ரின் ரெண்டு தட்டுத் தட்டினாள். முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கட்டங்கட்டமாக ஏதோ ஒன்று வந்தது. சரியாகிவிட்டது என்று ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது, ரெண்டு வருஷச் சிக்கலை ரெண்டு தட்டில் அவிழ்த்துவிட்டாளே என்று நஸ்ரின் மேல் பிரியம் பொங்கியது. அப்புறம் பார்த்தாள். திருட்டுக் கேஸில் பிடித்த பெண்ணைப் பேப்பரில் போடுவார்களே, அப்படி இருந்தது. முந்தானை பிடித்த கை மட்டும் மிச்சம். கறுப்பைத் துடைத்துவிட்டு வெளியே வந்த முகத்தின் மேல் இவள் கொண்டுவந்து சாம்பலை அப்பியிருக்கிறாள். வேண்டாம்மா, பழையபடியே ஆக்கிடு என்றாள். ஏத்திடவா அப்ப என்று நஸ்ரின் கேட்டாள். இரு, ஒரு போன் பேசிக்கிறேன் என்று சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

நம்பர் இருந்தது. ரெண்டு வருஷமாக அழிக்கவில்லை, கூப்பிடவுமில்லை. வாசலுக்கு வந்து, ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று கூப்பிட்டாள். அடித்து ஓய்ந்தது. கடையில் போனை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள், அது நாடகத்திலேயே வரும். எடுக்காததில் ஒரு நிம்மதி, கூப்பிட்டேன் எடுக்கவில்லை, நான் கேட்கத்தான் பார்த்தேன். அந்த நிம்மதியைக் கையோடு பிடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் பக்கம், பயண விவரம். பதின்மூன்று, கலைஞர்கள் பட்டியல், அச்செடுத்து, தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்கேன் செய்து இணைக்க வேண்டியது, அது தயாராக இருக்கிறது, இருதயராஜ் நேற்றே போட்டுக்கொடுத்துவிட்டார், எழுத்து இருதயராஜ், இயக்கம் இருதயராஜ், கீழே ஆறு பேர். பதினான்கு, உறுதிமொழி. எல்லாம் முடிந்தது, திரும்பிப் பதினொன்று. மணி நாலு பத்து. ஏற்று. ஏற்றிவிடு. கேட்டாயிற்று, எடுக்கவில்லை. வசுமதி அறியப்போவதில்லை. அறியாமல் இருந்தால் அது நடக்காத மாதிரிதானே? இப்படித்தானே அன்றைக்கும். விரல் மவுஸின் மேல் இருந்தது, மவுஸ் ஈரமாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் ரேஷன் கார்டுக்காரர் தன் பெண்ணின் பேரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார், கா, யத்ரி, தப்பா அடிச்சுட்டா அப்புறம் காலம் பூரா அலையணும் என்றார். போன் நடுங்கியது. வசுமதி. மணி நாலு முப்பத்திரண்டு.

ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும், வாசலுக்கு. என்ன பேசுவது என்று ரெண்டு வருஷம் ஒத்திகை பார்த்ததில் ஒன்றுகூட வரவில்லை. நல்லாருக்கியாம்மா என்றாள். நல்லாருக்கேன்க்கா, டீ டைம், பத்து நிமிஷம்தான், சொல்லுங்க என்றாள் வசுமதி. பின்னால் பாத்திரச் சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டன. அமலோற்பவம் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னாள், பத்து ஊரைப் பற்றிச் சொன்னாள், கிடைக்கவில்லையென்றால் குழுவைக் கலைத்துவிடுவார்கள் என்பதைச் சொன்னாள், சொல்லும்போதே இது கெஞ்சல் என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பேப்பர் கட்டிங் என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அதற்கு மேல் கால் வைக்க வேறு இடமே இல்லை.

“வசு, அன்னைக்கு அந்தப் போட்டோவப் பேப்பருக்கு அனுப்புனது அண்ணன் இல்ல. நான்தான்.”

பாத்திரச் சத்தம். யாரோ யாரையோ சிரித்துக்கொண்டே திட்டினார்கள்.

“இதை ஏன்க்கா இப்பச் சொல்றீங்க? போட்டோ வேணும்னா?”

இல்லை என்று சொல்ல வாய் திறந்தது. எத்தனை இல்லைகள் தயாராக இருந்தன. மனசு உறுத்திச்சும்மா, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேம்மா. எல்லாம் உண்மை, எல்லாம் பொய்.

“ஆமா,” என்றாள். “அதுக்கும்தான்.”

வசுமதி மூச்சு விடுவது கேட்டது. எனக்கு அந்தக் கடைல ஏழு வருஷம் சர்வீஸ்க்கா என்றாள் மெதுவாக, கோபம் மாதிரி இல்லை, யாரிடமோ விலாசம் சொல்வது மாதிரி. இங்க வந்து புதுசா சேந்த புள்ளைங்களோட புள்ளையா நிக்கிறேன். அப்புறம், போட வேண்டாம் என்றாள். சரிம்மா, போடல என்றாள் அமலோற்பவம். முடிந்துவிட்டது, நாற்பதும் போயிற்று, இனி வைத்துவிடுவாள் என்று காத்திருந்தாள். வைக்கவில்லை.

“பேரு இருக்காக்கா?”

“எந்தப் பேரு?”

“நடிச்சவங்க பேரு எழுதுவீங்கள்ல. என் பேரு இருக்கா?”

இல்லை. அமலோற்பவம்தான் அடித்தாள் அந்தப் பட்டியலை. உனக்குத் தொந்தரவாகிவிடுமென்றுதான் விட்டேன் என்று சொல்ல வந்தாள். அதுவும் முழுசாக நிஜமில்லை. அந்தப் பேரை டைப் அடிக்க விரல் கூசியது, அதுதான் நிஜம். இல்லம்மா என்றாள்.

“பேரப் போடுங்க. மொகந்தான் வேண்டாம்னேன், பேர வேண்டாம்னு சொல்லலயே. முன்னாடி எஸ் போடுங்க. நடிப்புன்னு மட்டும் போடாதீங்க. அந்தக் கடைசிப் பேச்சு நான் பேசுனதுதான? நீங்கதான எழுதிக்கிட்டீங்க?”

“நான்தான் எழுதிக்கிட்டேன்.”

“அப்ப அதப் போடுங்க,” என்றாள் வசுமதி. பின்னால் ஒரு மணி அடித்தது. “டைம் ஆயிருச்சுக்கா.”

உள்ளே வந்தபோது மணி நாலு நாற்பத்தொன்று. பட்டியலை எடுத்தாள். இருதயராஜின் கையெழுத்து, ஊதா முத்திரை. புதிதாக அச்செடுத்தால் கையெழுத்துக்கு அவர் வீட்டுக்குப் போய்வர வேண்டும், நேரமில்லை. இதிலேயே கையால் எழுதினால் திருத்திய தாள் என்று தள்ளிவிடுவார்கள், தள்ளினால் நாற்பது இல்லை, நூறும் போச்சு. தள்ளட்டுமே. தள்ளிவிட்டால் பன்னிரண்டு வருஷம். பேனா எங்கே? பைக்குள் இருக்கிற பேனா வெளியே வரவில்லை, நஸ்ரின் தன் காதிலிருந்ததை எடுத்துக் கொடுத்தாள். எழுத்து: இருதயராஜ் என்பதற்குப் பக்கத்தில் இருந்த வெள்ளையில், நூலக அட்டையில் எழுதுகிற உருண்டைக் கையெழுத்தில், எஸ். வசுமதி என்று எழுதினாள். கீழே நடிப்பிலும் எழுதினாள். ரெண்டுக்கும் பக்கத்தில் செயலாளர் என்று சுருக்கொப்பம் போட்டாள். ஸ்கேன் ஓடும்போது திரையில் பதினோராம் பக்கம் திறந்தே கிடந்தது. தாக்கம். நின்றுகொண்டே அடித்தாள். ‘எங்கள் நாடகத்தால் எங்களில் ஒருவர் வேலையை இழந்தார். அதற்குக் காரணம் நாங்கள். கடைகளில் வேறு மாற்றம் நடந்ததா என்று எங்களுக்கு உறுதியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் பத்து ஊருக்குப் போக விரும்புகிறோம். பத்திரிகைச் செய்தி உண்டு. சம்பந்தப்பட்டவர் விரும்பாததால் இணைக்கவில்லை.’ அழிக்கக் கை போனது. அழிக்கவில்லை. எண்ணிப் பார்க்கவுமில்லை, இருநூறு சொல்லுக்கு எத்தனையோ குறைவு என்று தெரிந்தது.

சமர்ப்பி என்பதை அழுத்தியதும் தலைவரின் எண்ணுக்கு ரகசிய எண் அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தது. நாலு ஐம்பத்திரண்டு. அவள் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார், வந்துருச்சு, சொல்லட்டுமா என்றார். ஒரு நிமிஷம்ணே என்றாள். சொல்லாமல் எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். யாருக்குத் தெரியும். போட்டோ கொடுத்தது நான்தான் என்று வசுமதியிடம் சொல்லிவிட்டேன், கட்டிங்கை இணைக்கவில்லை என்று சொன்னாள். அவர் வீட்டுக் குக்கர் ஒரு விசில் விட்டது. சரி என்றார். எந்தச் சரி? தெரிந்ததுதானே என்கிற சரியா, இப்போதாவது சொன்னாயே என்கிற சரியா, நாற்பதும் போச்சு என்கிற சரியா, அதைப் பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் அடுத்ததையும் சொன்னாள், பட்டியலில் அவள் பேரைச் சேர்த்திருக்கிறேன், எழுத்து என்கிற இடத்தில், உங்கள் பேருக்குப் பக்கத்தில்.

“எழுத்துன்னா?” அவர் குரல் மாறியது. “அது என் நாடகம், அமலா.”

“ஆமாண்ணே. அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் அவளோடது.”

நாலு ஐம்பத்து நாலு. நஸ்ரின் கடிகாரத்தைக் காட்டினாள். போனில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. வைத்துவிடப்போகிறார் என்று நினைத்தாள். வைத்துவிட்டால் அழக்கூட மாட்டோம் என்று, எங்கிருந்தோ, நிதானமாகத் தோன்றியது.

“மட்டும்னு சொல்லாத,” என்றார் இருதயராஜ். “அதுக்கு முன்னாடி நாப்பது நிமிஷம் நான் எழுதுனதெல்லாம் அவளை அந்த இடத்துல கொண்டுபோய் நிறுத்தத்தான். எழுதிக்க. ஏழு. பூஜ்யம்.”

அவர் கண்ணாடியைத் தேடி, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், நாலாவது மூன்றா எட்டா என்று இருவருக்கும் குழப்பம் வந்து மறுபடி சொன்னார். அடித்தாள். வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. நாலு ஐம்பத்தேழுக்குத் திரை வெளுத்து, ‘தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது, முடிவு மூன்று மாதத்துக்குள் தெரிவிக்கப்படும்’ என்று பச்சையில் ஒரு வரி வந்தது. போயிருச்சா என்றார் அவர். போயிருச்சுண்ணே என்றாள். அவர் வேறொன்றும் கேட்காமல் வைத்தார்.

நஸ்ரின் பதினான்கு பக்கத்தையும் அச்செடுத்துச் சூட்டோடு கையில் கொடுத்தாள். அமலோற்பவம் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் பட்டியலைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தாள், எழுத்து ஏதும் விட்டுப்போய்விட்டதா என்று. எஸ். வசுமதி. ரெண்டு இடத்திலும் சரியாகத்தான் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தாள். மூன்றாவது தடவை கண் முன்னெழுத்தில் போய் நின்றது, அதை விட்டு நகரமாட்டேன் என்றது. சேலைப் பிரிவிலிருந்து கூட்டிவந்து, ஒரு வருஷம் சனிக்கிழமை தவறாமல் எதிரில் உட்கார்ந்து, அவள் வாயிலிருந்து விழுந்த ஒவ்வொரு சொல்லையும் எழுதிவைத்தவளுக்கு, எஸ் என்பது யார் பேரின் முதல் எழுத்து என்று தெரியவில்லை. அப்பா பேரா, அம்மா பேரா. கேட்டதே இல்லை.